இன்னும் நாற்பத்தாறு இழுப்பு

எட்டுப் பேர் துடுப்புப் போடுகிற பந்தயப் படகில் ஒன்பதாவதாக ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், பார்த்திருக்கிறீர்களா? துடுப்பு கிடையாது, வியர்வை கிடையாது, வாய் மட்டும் உண்டு. அவளுக்குக் காக்ஸ் என்று பெயர். எங்கள் படகில் அது நான்தான். சும்மா உட்கார்ந்து கத்துவதற்கெல்லாம் ஒரு மெடலா என்று கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. என் அம்மாவே கேட்டிருக்கிறாள். அந்த ஒரு நிமிடம் அவளையும் பிடிக்கவில்லை.

சும்மாவா? துடுப்புப் போடும் எட்டுப் பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கண்ணில் படுவதெல்லாம் தாண்டி வந்த தண்ணீர்தான். எதிரே என்ன இருக்கிறது, எத்தனை படகு முந்திப் போயிருக்கிறது, கோடு இன்னும் எவ்வளவு தூரம், எல்லாம் பின்முனையில் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிற எனக்குத்தான் தெரியும். சுக்கான் கயிறு என் கையில். எப்போது மூச்சை மிச்சம் பிடிக்க வேண்டும், எப்போது இருப்பதையெல்லாம் கொட்ட வேண்டும் என்று சொல்வது என் வாய். எட்டுப் பேர் ஒருத்தியின் வாயை நம்பி முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்கள் என்றால் அது லேசுப்பட்ட காரியமா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த நம்பிக்கையைத்தான் போன வருஷம் நான் போட்டு உடைத்தேன்.

எங்கள் படகு பேருந்து நிலையத்துப் பெண்களின் படகு. எட்டுப் பேரில் மூன்று பேர் ஓட்டுநர்கள், இரண்டு பேர் பணிமனை மெக்கானிக்குகள், மிச்சப் பேர் டிக்கெட் பரிசோதகர்கள். நான் அறிவிப்பாளர். ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு மைக், தலையாட்டும்போது கிறீச்சிடுகிற ஒரு மேசை விசிறி, ஒன்பது வருஷமாக அதுதான் என் உலகம். "பதினேழாம் எண் பேருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் மூன்றாம் நடைமேடைக்கு வரும்" என்று சொல்வேன். அந்தப் பேருந்து எந்தச் சந்தில் நின்று புகை விடுகிறதென்று கடவுளுக்கே தெரியாது. ஆனாலும் ஐந்து நிமிடம்தான். எவ்வளவு தாமதமானாலும் ஐந்து என்றே சொல், ஜனங்கள் அடங்கி நிற்பார்கள் என்பது மேற்பார்வையாளரின் உத்தரவு. அந்த ஐந்து முடிந்தால் இன்னொரு ஐந்து.

என் உயரத்தையும் எடையையும் பார்த்து எல்லோரும் எனக்கு வைத்த பெயர் கடுகு. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். நான் எகிறும்போதெல்லாம் கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று சொல்லிச் சிரிப்பார்கள். அதைக் கேட்டால் காரம் இன்னும் ஏறும்.

எனக்கு நேர் எதிரே, முழங்கால் என் முழங்காலில் இடிக்கிற தூரத்தில், எட்டாம் இருக்கையில் என் அக்கா. வேகத்தை வைப்பது அவள்தான். மற்ற ஏழு பேரும் அவள் முதுகைப் பார்த்து அவள் இழுக்கிறபோது இழுப்பார்கள். பதினேழாம் எண் பேருந்தை ஓட்டுகிறவளும் அவளேதான். நான் ஐந்து நிமிடம் என்று சொன்ன வண்டியை அவள் நாற்பது நிமிடம் கழித்துக் கொண்டுவந்து நிறுத்துவாள். ஜனங்கள் என் கண்ணாடியை விட்டுவிட்டு அவள் கதவைத் தட்டுவார்கள். பாட்டு வாங்குவது அவள். நான் பாட்டுக்கு அடுத்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருப்பேன்.

போன வருஷ இறுதிப்போட்டியில் ஆயிரம் மீட்டரில் எண்ணூறு வரைக்கும் நாங்கள்தான் முதல். பின்னாலேயே மருத்துவமனை நர்ஸுகளின் படகு. எங்கள் ஆட்களின் முகம் வெளுத்துப்போய்விட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது. கோட்டுக்கு இன்னும் இருபத்தைந்து இழுப்பு இருக்கிறது. என் வாய், ஒன்பது வருஷப் பழக்க தோஷம், கொஞ்சமும் கூசாமல் "பத்தே பத்து" என்று கத்தியது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு பத்து இழுப்புக்குத்தான் தாங்கியது. பத்துக்குள் எல்லோரும் இருந்த பலத்தையெல்லாம் கொட்டிவிட்டார்கள். பதினொன்றாவது இழுப்பில் கோட்டைக் காணோம். சொன்னால் வெட்கம், நான் "இன்னொரு பத்து" என்றேன். படகு அப்படியே செத்துப்போனது. நர்ஸுகள் தாண்டிப் போனார்கள், அவர்கள் பின்னாலேயே தபால் நிலையத்துப் படகும் தாண்டியது. அக்கா துடுப்பின் மேல் கவிழ்ந்து வாந்தி எடுத்தாள்.

கரைக்கு வந்து அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், இரண்டு நாளில் எல்லாம் சரியாகியிருக்கும். மெதுவாகத்தான் சொன்னாள்.

"கூண்டுல உக்காந்து நீ சொல்ற அஞ்சு நிமிஷத்துக்கு நான் தெனம் பேச்சு வாங்கறேன். சரி, அது வேலை. படகுலயுமாடி? இனிமே உன் நம்பர நான் நம்ப மாட்டேன். நானே எண்ணிக்கறேன்."

எண்ணவும் ஆரம்பித்தாள். எங்களுக்கு வீடு ஒன்றுதான், மாடியில் அவளும் அத்தானும், கீழே நானும் அம்மாவும். தண்ணீர் மோட்டார், சிலிண்டர், அம்மாவின் மாத்திரை எல்லாவற்றையும் பற்றி என்னோடு பேசுவாள். படகைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. பயிற்சியில் என் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டு உதட்டுக்குள் எண்ணுவாள். ஆயிரம் மீட்டருக்கு நூற்றிருபத்தைந்து இழுப்பு என்பது அவள் கணக்கு. நூறாவது இழுப்பில் கடைசி வேகத்தை எடுத்துவிடுவாள், நான் என்ன சொன்னாலும் சரி. மற்றவர்களுக்கு என் குரலைக் கேட்பதா, அவள் முதுகைப் பார்ப்பதா என்று தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு கடிகாரம் இரண்டு மணி காட்டினால் வேலைக்குப் போய்ச் சேர்ந்த மாதிரிதான்.

டயர் பிரிவு ஃபோர்மேன்தான் எங்கள் பயிற்சியாளர். ஒரு வருஷம் பார்த்தார். இந்த வருஷ இறுதிப்போட்டிக்கு முந்தின வாரம் என்னைத் தனியே கூப்பிட்டு, உன் சொல்லுக்குப் படகு கிளம்பவில்லை என்றால் நீ அங்கே உட்கார்ந்து என்ன பயன் என்று கேட்டார். இந்தப் போட்டிதான் கடைசி, இதிலும் கிளம்பாவிட்டால் பார்சல் பிரிவுப் பெண் உட்காரட்டும் என்றார். அந்தப் பெண் என்னைவிட இரண்டு கிலோ குறைவு, குரலும் தேன். அந்த இருக்கை போனால் எனக்கு மிஞ்சுவது கண்ணாடிக் கூண்டும் கிறீச்சிடும் விசிறியும்தான். அதுகூடப் பரவாயில்லை. என் அக்கா முகத்துக்கு எதிரே இன்னொருத்தி உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரையில் கால் கடுக்க நடந்து ஒவ்வொரு தூரப் பலகைக்கும் எத்தனை இழுப்பு என்று எண்ணிப் படித்தேன். கூண்டிலும் ஒரு நாள் மனசு வெறுத்துப்போய் உண்மையைச் சொன்னேன்: பதினேழாம் எண் பேருந்துக்கு டயர் பஞ்சர், வர முப்பத்தைந்து நிமிடம் ஆகும், டீ குடித்துவிட்டு வரலாம். ஜனங்கள் கொந்தளிப்பார்கள் என்று பார்த்தேன். டீ குடிக்கப் போய்விட்டார்கள். அன்றைக்கு அக்காவின் கதவை யாரும் தட்டவில்லை. அதற்கப்புறம் தினமும் உண்மைதான். மேற்பார்வையாளர் இரண்டு மெமோ கொடுத்தார், வாங்கி மேசை டிராயரில் வைத்துக்கொண்டேன். அக்கா இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அழுத்தக்காரி.

போட்டியன்று காலையில் அம்மா வழக்கம்போல ஒரு பையைக் கொடுத்தாள். உள்ளே துண்டும் மாற்றுத்துணியும். ஜெயித்த படகின் காக்ஸை அவள் ஆட்களே தூக்கித் தண்ணீரில் போடுவார்கள், எல்லா ஊர்ப் படகுக்காரர்களுக்கும் அது வழக்கம். ஐந்து வருஷமாக அந்தப் பை மடிப்புக் கலையாமல்தான் வீடு திரும்புகிறது. துவைக்கிற வேலை மிச்சம் என்று அம்மா சொல்வாள். அன்றைக்கும் சொன்னாள். அக்கா சிரிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஏரிக்குப் போனால் காற்று. சாதாரணக் காற்றில்லை, முடிவுக் கோட்டுக் கோபுரத்தில் இருந்த கொடி எங்களைப் பார்த்து விறைத்து நின்றது. எதிர்காற்று. போட்ட துடுப்பில் பாதியை அது தின்றுவிடும். ஆறு படகும் வரிசையில் நின்றன. எங்களுக்கு வலது பக்கம் நர்ஸுகள், இடது பக்கம் தீயணைப்புத் துறைப் பெண்கள். ஆறு படகும் ஏரிக் கழகத்தின் படகுகள், ஒரே அச்சில் வார்த்தவை, அரை அங்குல வித்தியாசம் கிடையாது. என் நெற்றிப் பட்டையில் மைக், இருக்கைகளுக்குக் கீழே ஒலிபெருக்கிகள். அக்கா என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு பச்சைக்கு மாறியது. கிளம்பினோம்.

முதல் இழுப்பில் படகு மூக்கைத் தூக்கிப் பாய்ந்ததில் என் தலை பின்னுக்குப் போய் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, குட்டையாக, வேகமாக! தண்ணீர் சர்ரென்று பக்கத்தில் கிழிந்து ஓடியது. ஐயோ, இதை எப்படிச் சொல்வேன், எட்டுத் துடுப்பும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் இறங்குகிற அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் விடியற்காலையில் எழுந்திருக்கிறேன். இருபது இழுப்புக்குள் எங்கள் படகு மூச்சுவிட ஆரம்பித்துவிட்டது. நீளமாக, நீளமாக என்று நான் சொல்ல, எட்டு முதுகும் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக நிமிர்ந்தன.

முந்நூறு மீட்டரில் ஒரு அலை எகிறி என் மடியில் விழுந்தது. மைக் கர்ரென்று ஒரு தடவை கனைத்துவிட்டு அடங்கிப்போனது. தட்டிப் பார்த்தேன், செத்துவிட்டது. கத்தினேன். எதிர்காற்று என் குரலை என் வாய்க்குள்ளேயே திருப்பித் திணித்தது. அக்காவுக்குக் கேட்கும். அவள் முதுகுக்குப் பின்னால் ஏழாம் இருக்கையில் இருக்கிற மெக்கானிக்குக்கு, ஸ்பானர் என்று கூப்பிடுவோம், அவளுக்குப் பாதி கேட்கும். அதற்கு அப்பால் ஆறு பேருக்கும் நான் வெறும் வாயசைப்பு. கூண்டுக் கண்ணாடிக்குள் இருக்கிற மாதிரியே ஆகிவிட்டது.

ஐந்நூறு மீட்டர்ப் பலகை கடந்தபோது என் எண்ணிக்கை அறுபத்தெட்டு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பயிற்சியில் அது அறுபத்திரண்டு. காற்று ஆறு இழுப்பைத் தின்றிருக்கிறது. பாதிக்கு அறுபத்தெட்டு என்றால் முழுசுக்கு நூற்று முப்பத்தாறு. ஆனால் அக்காவின் கணக்கில் நூற்றிருபத்தைந்தில் பந்தயம் முடிந்துவிடும். நூறில் கிளம்புவாள். பதினோரு இழுப்பு முன்னாலேயே எல்லோரையும் காலி செய்துவிடுவாள். போன வருஷம் என் வாய் செய்த அதே கூத்து, இந்த வருஷம் அவள் கணக்கால் நடக்கப்போகிறது.

அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எண்பத்தேழு. எண்பத்தெட்டு. நர்ஸுகள் முக்கால் படகு முன்னால், தீயணைப்புக்காரர்கள் அரைப் படகு முன்னால். தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று காக்ஸ் ஒருநாளும் சொல்லக் கூடாது என்பது படகுக்காரர்களின் எழுதாத சட்டம். சட்டமாவது மண்ணாவது. தொண்ணூறாவது இழுப்பில் குனிந்து, அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் என் முகத்தைக் கொண்டுபோனேன்.

"அக்கா, நூறுல கெளம்பாத. எதிர்காத்து. பாதிக்கே அறுபத்தெட்டு ஆச்சு. இன்னும் நாப்பத்தாறு இருக்கு. நாம மூணாவது."

உதடு நின்றது. அந்த வருஷத்தில் முதல் தடவையாகப் படகில் அவள் என் கண்ணைப் பார்த்தாள். இழுத்துக்கொண்டே பார்த்தாள். ஒரு இழுப்பு. நான் எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை, சத்தியம் கித்தியம் எதுவும் செய்யவில்லை. இரண்டாவது இழுப்பு. அவள் மனசுக்குள் என்ன ஓடியதோ எனக்குத் தெரியாது. எனக்குத் தோன்றுவது இதுதான்: பொய் சொல்கிறவள் குறைத்துத்தானே சொல்வாள், கூட்டியா சொல்வாள்? மூன்றாவது இழுப்பில், மூச்சு இழுக்கவே நேரமில்லாத அந்த இடத்தில், அவள் கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் கத்தினாள்.

"நாப்பத்திமூணு!"

என் நாற்பத்தாறில் மூன்றைக் கழித்துவிட்டுக் கத்தினாள். ஸ்பானர் அதை வாங்கிப் பின்னால் தள்ளினாள், அவளிடமிருந்து ஆறாமவள், ஆறாமவளிடமிருந்து ஐந்தாமவள். என் நம்பர் முன்முனை வரைக்கும் ஓடியதை என் காதால் கேட்டேன். அக்காவின் உதடு மறுபடி அசைந்தது. மேல்நோக்கி இல்லை. நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று, நாற்பது. என் நம்பரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காக்ஸ் அழுதால் சுக்கான் கோணிவிடும், அதனால் விழுங்கிக்கொண்டேன்.

நூறாவது இழுப்பு வந்தது, போனது. அவள் அசையவில்லை. நீளமாக, அடக்கமாக, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அப்போதுதான் முன்னால் போகிற தீயணைப்புப் படகிலிருந்து காற்றோடு ஒரு குரல் வந்தது. அவர்களுடைய காக்ஸ் கத்துகிறாள்: பத்தே பத்து. கோட்டுக்கு இன்னும் முப்பது இழுப்பு இருக்கிறது, பாவி! போன வருஷத்து என் குரலையே நான் கேட்டேன். சிரிப்பும் வந்தது, அவர்கள் எட்டுப் பேரையும் நினைத்துப் பாவமாகவும் இருந்தது. அவர்கள் படகு துள்ளிக்கொண்டு ஓடியது. பத்து எண்ணினேன். அதற்குமேல் அவர்களுடைய துடுப்புகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் விழ ஆரம்பித்தன.

நான் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. சரியாக இருபத்தைந்து இருக்கும்போது, "அக்கா, இப்ப" என்றேன்.

அவ்வளவுதான். அவள் பற்களுக்கு நடுவிலிருந்து ஒரு உறுமல் வந்தது. படகு என் முதுகில் ஒரு குத்துவிட்டுப் பாய்ந்தது. தீயணைப்புப் படகு இருக்கை இருக்கையாகப் பின்னுக்கு வந்தது, அவர்களின் காக்ஸ் வாயைப் பிளந்துகொண்டு என்னைக் கடந்து பின்னால் போனாள். பதினெட்டு. நர்ஸுகளின் சுக்கான் தெரிகிறது. பதினைந்து. அவர்களின் காக்ஸ் தெரிகிறாள், அவள் ஜடை தெரிகிறது. இருக்கிற எண்ணை அப்படியே சொன்னேன், ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. அக்கா ஒவ்வொன்றையும் பின்னால் வீசினாள். எட்டு! ஏழு! அவள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நின்றது. நானும் நர்ஸுகளின் காக்ஸும் தோளுக்குத் தோள். நான்கு! மூன்று! தொண்டை கிழிந்தது, கிழியட்டும். இரண்டு! ஒன்று!

ஊதல் ஒலித்தது, கோட்டைத் தொடுகிற படகுக்கு ஒன்று. ஒன்றா இரண்டா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒட்டிக்கொண்டு இரண்டு ஊதல்.

எட்டுப் பேரும் அறுத்துப்போட்ட கொடி போலச் சரிந்து கிடந்தார்கள். யாரோ இருமினார்கள். கோபுரத்துப் பலகையில் முதலிடத்துக்கு எதிரே வெறும் கோடு போட்டிருந்தது. படம் பார்த்துத்தான் சொல்வார்கள் போல. மெதுவாகத் துடுப்புப் போட்டுக் கரை மேடைக்கு வந்து, படகைக் கட்டி, ஒவ்வொருத்தியாக ஏறினோம். பக்கத்து மேடையில் நர்ஸுகளும் நாங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஃபோர்மேன் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

அக்கா மேடையில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

தெரியவில்லை, பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அதில் ஆபத்தே இல்லை. ஆனால் எனக்குத் தெரியுமே. ஒரே அச்சில் வார்த்த படகுகள். ஊதல் ஒலித்த நொடியில் அந்த ஜடைக்காரியின் முகத்தைப் பார்க்க நான் கழுத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. காக்ஸ் முன்னால் என்றால் மூக்கும் முன்னால்.

"ஜெயிச்சோம். ஒரு முழம்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து மைதான ஒலிபெருக்கி கரகரத்தது. புகைப்படம் பரிசீலனையில் இருப்பதாகவும் முடிவு இன்னும் ஐந்து நிமிடத்தில் அறிவிக்கப்படும் என்றும் ஒரு பெண்குரல் இழுத்து இழுத்துச் சொன்னது. ஸ்பானர் தரையில் உட்கார்ந்தபடியே, அந்தக் கூண்டிலும் ஒரு கடுகு உட்கார்ந்திருக்கிறாள் என்றாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்து என் இரண்டு தோளையும் பிடித்தாள்.

எனக்கு விளங்கிவிட்டது. முடிவு வருவதற்குள் காக்ஸைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அப்புறம் இரண்டாமிடம் என்று வந்தால் வருஷம் பூரா சிரிப்பாய்ச் சிரித்துவிடுவார்கள். ஏரியில் யாருமே அப்படிச் செய்ததில்லை. ரிசல்ட் வரட்டும் என்று நான் திமிறினேன்.

"நீ சொன்ன நம்பர் மாறுமா?"

"மாறாது."

"அப்புறம் எதுக்குடி நிக்கணும்" என்றாள் அக்கா. ஸ்பானரைப் பார்த்து, "கால பிடி" என்றாள்.

ஒன்று, இரண்டு என்று ஆட்டினார்கள். மூன்றுக்கு நான் ஆகாயத்தில் இருந்தேன். நர்ஸுகள் வாயைப் பிளந்து பார்ப்பது தலைகீழாகத் தெரிந்தது. தண்ணீர் சில்லென்று மண்டைக்கு ஏறியது. மேலே வந்து மூக்கில் போன தண்ணீரைச் சிந்திவிட்டுப் பார்த்தேன், அக்கா மேடையில் மண்டிபோட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான் அழுதேன், தண்ணீரில் யாருக்குத் தெரியும்.

முடிவை அறிவிக்க இருபத்து மூன்று நிமிடம் ஆனது. அதற்குள் நான் அம்மாவின் மாற்றுத்துணியைக் கட்டிக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன், பின்னால் அக்கா துண்டால் என் தலையைப் பாதி துவட்டி முடித்திருந்தாள். ஒலிபெருக்கியில் சொன்னது எங்களுக்குப் பழைய செய்தி.